கனடாவின் உறைவிடப் பள்ளி வரலாற்றை நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

மண்டபம் மறுவாழ்வு முகாமில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கனடாவில் ஒரு சித்தப்பாவோ, மாமியோ, கூடப் பிறந்தவரோ இருக்கிறார்கள். டொராண்டோவும் ஸ்கார்பரோவும் அந்தப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியே பழகிய ஊர்கள். ஆனால் அந்த ஊர்கள் யாருடைய மண்ணில் எழுந்தன, அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசும் திருச்சபைகளும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்ன செய்தன என்பது நம் பள்ளிகளில் பேசப்படுவதே இல்லை. ராமேஸ்வரம் தீவு முதல் சாயல்குடி வரை, இந்தப் பக்கம் தொண்டி வரை, ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கோ ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கோ இவ்வரலாற்றை எடுத்துச் சொல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உதவும் என்று நம்பி இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதை அனுதாபம் தேடும் கதையாகச் சொல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. என்ன நடந்தது என்ற உண்மை முதலில் முழுமையாகப் பதிய வேண்டும். ஆறுதலும் சமரசமும் அதன் பிறகுதான்.

முதலில் ஆசிரியர் தெளிய வேண்டியவை

கனடாவின் பூர்வகுடிகள் ஒரே இனத்தார் அல்லர். முதல் குடிகள் எனப்படும் பல நூறு சமூகத்தார், வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டிஸ் மக்கள் என மூன்று பெரும் பிரிவினரை அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பழைய பாடநூல்களில் நாம் படித்த செவ்விந்தியர், எஸ்கிமோ என்ற பெயர்களை வகுப்பில் தவிர்த்துவிட்டு, மோஹாக், கிரீ, ஒஜிப்வே என்று அந்தந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும்.

காலவரிசையைக் கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. ஆனால் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஒண்டாரியோவின் பிராண்ட்ஃபோர்டில் மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற பள்ளி 1830களிலேயே பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கிவிட்டது. 1876இல் வந்த இந்தியர் சட்டம் பூர்வகுடிகளின் வாழ்க்கை முழுவதையும் அரசின் கையில் ஒப்படைத்தது. 1883இல் பிரதமர் ஜான் மெக்டொனால்டு, பெற்றோருடன் வாழும் பூர்வகுடிப் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றாலும் காட்டுமிராண்டியாகவே இருப்பான், ஆகவே அவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்தாக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டார். அரசுப் பணத்தில், திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளின் வலைப்பின்னல் அப்போதிருந்து விரிந்தது. 1920இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, 7 முதல் 15 வயது வரையிலான பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டனைக்கு உள்ளானார்கள். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இப்பள்ளிகளுக்குள் சென்றார்கள். இப்பள்ளிகளிலிருந்து மீண்டவர்களுக்காக 2006இல் ஏற்பட்ட உடன்படிக்கை 139 பள்ளிகளை அங்கீகரித்தது. கத்தோலிக்கத் துறவற சபைகள் அவற்றில் பெரும்பகுதியை நடத்தின. ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், மெத்தடிஸ்ட் சபைகளும், பின்னர் ஐக்கியத் திருச்சபையும் மற்றவற்றை நடத்தின. இவ்வகைப் பள்ளிகளில் கடைசியாக இருந்தவை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். இன்றைய மாணவர்களின் பெற்றோர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதை மட்டும் வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

உள்ளே நடந்ததைச் சொல்லும்போது சொற்களைக் குறைக்கலாம், ஆனால் மழுப்பக் கூடாது. வந்த முதல் நாளே பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது, உடைகள் பறிக்கப்பட்டன, பல பள்ளிகளில் பெயருக்குப் பதிலாக எண் தரப்பட்டது. தாய்மொழியில் பேசிய பிள்ளை அடி வாங்கியது. அண்ணனும் தங்கையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ள முடியாதபடி பிரித்துவைக்கப்பட்டார்கள். 1950கள் வரை பல பள்ளிகளில் பாதி நாள் பாடம், மீதி நாள் தொழுவத்திலும் சலவையறையிலும் வேலை. உணவு போதவில்லை, 1948க்கும் 1952க்கும் இடையில் 6 பள்ளிகளில், ஏற்கெனவே ஊட்டச்சத்துக் குறைந்திருந்த பிள்ளைகளை வைத்து, அவர்களுக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்காமல் உணவுச் சோதனைகள் நடத்தப்பட்டன. அடியும் பாலியல் வன்கொடுமையும் பரவலாக இருந்தன.

இவற்றுள் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது மருத்துவர் பீட்டர் பிரைஸ் பற்றிய பகுதிக்கு. பூர்வகுடிகள் விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அலுவலரான அவர், 1907இல் மேற்குப் பகுதிப் பள்ளிகளை ஆய்வு செய்து அறிக்கை அளித்தார். புள்ளிவிவரம் அனுப்பிய 15 பள்ளிகளில் சேர்ந்த ஏறத்தாழ 1,500 பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் இறந்துபோயிருந்தார்கள். முக்கியக் காரணம் காசநோய். காற்றோட்டமில்லாத படுக்கையறைகளில் நோயுற்ற பிள்ளைகளும் நலமான பிள்ளைகளும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தார்கள். அறையைத் திறந்து காற்று வரவிடுங்கள், நோயாளிகளைத் தனியே வையுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்வதற்குப் பெரிய மருத்துவ அறிவு தேவைப்படவில்லை. அறிக்கை நாளிதழ்களிலும் வந்தது. அரசு அவருடைய பரிந்துரைகளைக் கிடப்பில் போட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1922இல் இதை ஒரு தேசியக் குற்றம் என்றே அழைத்து அவர் சிறுநூல் வெளியிட்டார். அந்தக் காலத்து மக்களுக்கு இதெல்லாம் தெரியாது, நல்லெண்ணத்தில் செய்தார்கள் என்று ஒரு மாணவர் சொன்னால், அதற்கான பதில் பிரைஸின் அறிக்கையில் இருக்கிறது. தெரிந்துதான் தொடர்ந்தார்கள்.

இடமும் நேரமும்

கனடாவில் செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக 2021 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் ஊரில் அந்த நாள் காலாண்டுத் தேர்வையோ விடுமுறையையோ ஒட்டி வந்துவிடும். எனவே பள்ளியில் நடத்துபவர்கள் தேர்வுக்கு முன்பே இரண்டு பாடவேளைகளை ஒதுக்கிக்கொள்வது நல்லது. பெரியவர்களும் அமர்ந்து கேட்க வேண்டும் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மாலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஆண்களும் ஊரில் இருப்பார்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் வர வேண்டுமென்றால் கடல் ஏற்றவற்றத்தைக் கேட்டுக்கொண்டு நாளைக் குறிக்க வேண்டும்.

பாம்பன், தங்கச்சிமடம், ஓரியூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் வகுப்புக்கு முன்பே பங்குத் தந்தையையும் பள்ளியை நடத்தும் அருட்சகோதரிகளையும் நேரில் பார்த்து, என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை விளக்கிவிடுங்கள். மறைத்துவைத்து நடத்தினால் ஊர் இரண்டுபடும். இந்தக் கரையில் மீனவப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததில் திருச்சபைப் பள்ளிகளின் பங்கு பெரிது. அந்த நன்றி மக்களிடம் இருக்கிறது, இருப்பது நியாயமும்கூட. அதைக் காரணம் காட்டி கனடாவில் நடந்ததைக் குறைத்துச் சொல்லும்படி யாராவது கேட்டால் மட்டும் பணிவுடன் மறுத்துவிட வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டாவின் மாஸ்க்வாசிஸுக்கு நேரில் சென்று பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதை எடுத்துச் சொன்னால், இதைப் பேசுவது திருச்சபைக்கு எதிரான செயல் என்ற அச்சம் பெரும்பாலும் விலகிவிடும்.

முதல் வகுப்பு

சுவரில் கனடாவின் வரைபடத்தை மாட்டுங்கள். பக்கத்தில் தமிழ்நாட்டு ரயில் வரைபடம் இருக்கட்டும். சானி வென்ஜாக் என்ற ஒஜிப்வே சிறுவனின் வரலாற்றைச் சொல்லித் தொடங்குங்கள். அவன் கெனோரா நகரின் சிசிலியா ஜெஃப்ரி உறைவிடப் பள்ளியில் தங்கியிருந்தான். 1966 அக்டோபரில், 12 வயதில், அங்கிருந்து தப்பி, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் ஓகோகி போஸ்ட்டில் இருந்த தன் தந்தையிடம் போக ரயில் பாதையோரமாக நடந்தான். மெல்லிய மேற்சட்டையும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகளும் மட்டுமே அவனிடம் இருந்தன. பனியிலும் குளிரிலும் இறந்துகிடந்த அவனைத் தண்டவாளத்தின் ஓரத்தில் கண்டெடுத்தார்கள்.

இப்போது மாணவர்களை ரயில் வரைபடத்தின் பக்கம் அழையுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயிலில் போகும் தூரம் ஏறத்தாழ அந்த 600 கிலோமீட்டர்தான். ஒரு மாணவி ராமேஸ்வரத்தில் விரலை வைத்து, மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு என்று நிலையப் பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டே விரலை நகர்த்தட்டும். மாலையில் ஏறினால் விடியும்போது இறங்கும் தூரம் அது என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே எண்ணை விளக்க ஆசிரியர் ஒரு சொல்லும் சேர்க்கத் தேவையில்லை. பிறகு கேள்விகளை முன்வையுங்கள். அந்தச் சிறுவன் ஏன் பெரியவர் யாரிடமும் உதவி கேட்காமல் நடந்தான்? அவனுடைய தந்தை ஏன் வந்து அழைத்துப்போகவில்லை? அவனை அங்கே அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது? அவனுடைய மரணத்தை விசாரித்த நடுவர்களே இந்தக் கல்விமுறை சரிதானா என்று கேள்வி எழுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உயிருடன் திரும்பியவரின் குரலும் அதே வகுப்பில் ஒலிக்க வேண்டும்; இல்லாவிட்டால் பூர்வகுடிகள் என்றாலே இறந்துபோனவர்கள் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் பதிந்துவிடும். ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் 1973இல், 6 வயதில், வில்லியம்ஸ் லேக் அருகே இருந்த செயின்ட் ஜோசப் மிஷன் பள்ளிக்குச் சென்றார். முதல் நாளுக்கென்று பாட்டி வாங்கித் தந்த புது ஆரஞ்சுச் சட்டையை அங்கே கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பக் கிடைக்கவேயில்லை. 2013இல் அவர் இதைப் பொதுவெளியில் சொன்னதிலிருந்து ஆரஞ்சுச் சட்டை நாள் தொடங்கியது. சட்டையைப் பறித்ததில் அப்படி என்ன பெரிய கொடுமை என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பள்ளி திறக்கும் நாளில் தனக்கு யார் சட்டை எடுத்துக் கொடுத்தார் என்பதை ஒவ்வொருவரும் இரண்டு வரியில் எழுதினால், அந்தக் கேள்விக்கு அவர்களே பதில் காண்பார்கள்.

மாணவர்களை நடிக்கவைக்க வேண்டாம். எண்களை ஒட்டுவது, ஒருவரைக் கண்டிப்பான ஆசிரியராகவும் மற்றவரைப் பிள்ளையாகவும் நிறுத்துவது போன்ற பயிற்சிகள் இறுதியில் விளையாட்டாகவோ அவமானமாகவோ முடியும். இன்னொரு சமூகத்தின் துயரத்தை நடித்துப் பார்க்கும் உரிமையும் நமக்கு இல்லை. வகுப்பில் முகாம் பிள்ளைகள் இருந்தால், போரில் உறவுகளை இழந்த வீடுகளிலிருந்து அவர்கள் வந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. நடுவில் எழுந்து வெளியே போக விரும்பும் பிள்ளை காரணம் சொல்லாமல் போகலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். வன்கொடுமையைப் பற்றிப் பேசும் வகுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முன்வரலாம். போக்சோ சட்டப்படி அப்படித் தெரிய வந்ததைப் புகாராகத் தெரிவிப்பது கேட்டவரின் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.

கட்டாயம் வரும் கேள்விகள்

"எங்க அக்காவும் அரசு விடுதியிலதான் படிக்கிறா, அதுவும் இப்படியா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். நம் விடுதிகளுக்குப் பெற்றோர் விரும்பி அனுப்புகிறார்கள், விடுமுறைக்கு அழைத்து வருகிறார்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே பிள்ளை தன் மொழியில் பேசுகிறது, தன் சாமியைக் கும்பிடுகிறது. கனடாவில் இவை ஒவ்வொன்றும் சட்டத்தாலோ நடைமுறையாலோ மறுக்கப்பட்டன. வீட்டிலிருந்து பிரிப்பதன் நோக்கமே பிள்ளையைத் தன் மக்களுக்கு அந்நியமாக்குவதுதான். இந்த வேறுபாட்டைச் சொன்ன பிறகு, நம் விடுதிகளில் குறைகளே இல்லை என்று சொல்லி முடித்துவிட வேண்டாம். பழங்குடி, பட்டியல் சாதிப் பிள்ளைகள் விடுதியில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

புதைகுழிகளைப் பற்றிய கேள்வியில் அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் கைபேசியில் இரு பக்கத்துப் பொய்களும் உலவுகின்றன. 2021 மே மாதம், கம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் நிலத்தடி ரேடார் ஆய்வில் 215 பிள்ளைகளின் எச்சங்கள் தெரியவந்ததாக அங்குள்ள செக்வெப்பெம்க் சமூகம் அறிவித்தது; அதே ஆண்டு ஜூலையில் அது, புதைவிடங்களாக இருக்கக்கூடிய ஏறத்தாழ 200 இடங்கள் என்று திருத்தப்பட்டது. ரேடார் காட்டுவது மண் கலைக்கப்பட்டதற்கான அடையாளத்தைத்தான். தோண்டிப் பார்க்காமல் அதை உடல்கள் என்று எண்ணிச் சொல்லக் கூடாது, தோண்டுவதா வேண்டாமா என்ற முடிவும் அந்தச் சமூகத்துக்கே உரியது. உலகச் செய்திகள் பலவற்றில் இந்த நுணுக்கம் தவறிப்போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் யாருமே இறக்கவில்லை என்று சொல்பவர்களும் கிளம்பினார்கள். பள்ளிகளின் சொந்தப் பதிவேடுகளிலிருந்தும் அரசு ஆவணங்களிலிருந்தும் தொகுக்கப்பட்டு, வினிப்பெக் நகரில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையம் வைத்திருக்கும் நினைவுப் பதிவேட்டில் 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. மாணவர்களின் குறிப்பேட்டில் இவ்விரண்டும் தனித்தனி வரிகளாக எழுதப்பட வேண்டும்: ஆவணத்தால் உறுதியான மரணங்கள் ஒரு வரியில், ஆய்வு தொடரும் இடங்கள் இன்னொரு வரியில்.

நம் மாவட்டத்தின் பக்கம் திரும்புவது

இரண்டாம் வகுப்பில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய அச்சட்டம் 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட சமூகத்தார் கைரேகை பதிய வேண்டும், போக்குவரத்தைத் தெரிவிக்க வேண்டும், கட்டுப்பாடு மிகுந்த ஊர்களில் இரவைக் காவலர் கண்பார்வையில் கழிக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் பக்கத்தில் ஆப்பநாட்டு மறவர்கள் அச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து நடத்திய போராட்டம் முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அச்சட்டம் நீங்கியது.

மாணவர்கள் அறிய வேண்டிய இடம் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு. அறிவிக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அரசு அமைக்கும் தொழிற்பள்ளியிலோ வேளாண் பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்கும் அதிகாரத்தை அது மாகாண அரசுக்குக் கொடுத்தது. 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் உள்ளவர்கள் அதற்கு ஆளானார்கள். கனடாவில் 1920இல் கட்டாயச் சேர்க்கை வந்தபோது இங்கேயும் ஒரே பேரரசின் நிழலில் இதே சிந்தனை சட்டமாக இருந்தது என்பதை இரு சட்டங்களையும் அருகருகே எழுதிக் காட்டலாம். ஆனால் சட்டப் பிரிவு இருந்தது என்பதிலிருந்து நம் ஊரில் அப்படி நடந்தது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. 1920க்குப் பின் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன; அவற்றை அந்த மக்கள் தங்கள் பள்ளிகளாகவே கருதிக் காத்துவருகிறார்கள். கனடாவின் பள்ளிகளோடு அவற்றை ஒன்றாக்கிவிட்டால் இரண்டு வரலாறுகளுக்கும் அநீதி செய்தவர்களாவோம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசாணைகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டு செயல்திட்டம் செய்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தப் பாடம் சாதிப் பெருமைப் பேச்சாக மாறிவிடும் ஆபத்து உண்டு. அச்சட்டம் குறவர் உள்ளிட்ட பல சமூகத்தாரையும் வதைத்தது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு சமூகம் வெள்ளையர் சட்டத்தால் அவமானப்பட்டது உண்மை. அதே சமூகத்தின் கையால் பக்கத்துத் தெருவில் இன்னொரு சமூகம் அவமானப்பட்டிருந்தால் அதுவும் உண்மை. முதலாவதைப் பேசும் வகுப்பில் இரண்டாவதைப் பேச இடமில்லை என்றால் அந்த வகுப்பை நடத்தாமல் இருப்பதே மேல்.

முதியவர்களிடம் கேட்பது

இந்த இடத்தில் கனடாவின் அனுபவம் நமக்கு நேரடியாகப் பயன்படும். அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது, பள்ளிகளிலிருந்து மீண்டவர்கள் நீதிமன்றம் சென்று போராடியதன் பலனாக. 2006இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நீதிபதி மரி சின்க்ளேர் தலைமையிலான ஆணையம் 6,500க்கும் மேற்பட்டவர்களின் சாட்சியத்தைக் கேட்டு, நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015இல் முடிவுரைத்து, 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. கல்விதான் நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது, கல்விதான் இதிலிருந்து வெளியேற்றும் என்று சின்க்ளேர் பலமுறை சொன்னார்.

அந்த ஆணையம் எப்படிக் கேட்டது என்பதைக் கவனியுங்கள். பேசுபவர் பொதுவிலும் பேசலாம், தனி அறையிலும் பேசலாம். பக்கத்தில் மனநல உதவியாளர் இருந்தார். கூட்டங்களில் அழுதவர்கள் கண்ணீரைத் துடைத்த காகிதங்களைக் குப்பையில் போடாமல் சேகரித்து, பூர்வகுடி மரபின்படி வளர்த்த புனித நெருப்பில் இட்டார்கள். இழப்பீடு கோரி ரகசியமாகச் சாட்சியம் அளித்தவர்களின் ஆவணங்களைப் பொறுத்தவரை, அவற்றைக் காப்பதா அழிப்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்று 2017இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொன்னவருக்கே சொல் சொந்தம் என்ற இந்த நெறியை நாமும் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆகவே கைரேகைக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டியையோ தாத்தாவையோ பார்க்கப் போகும் மாணவர்கள், முதல் நாள் கைபேசியைப் பையிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி அறிமுகமாகட்டும். "அய்யா, அந்தக் காலத்துல ஊர்ல நடந்ததப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தோம், உங்களுக்கு விருப்பமிருந்தா மட்டும் சொல்லுங்க" என்று கேட்டு, சம்மதம் கிடைத்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பட்டும். இரண்டாம் முறை பதிவு செய்யும்போது, யாரெல்லாம் கேட்கலாம், பெயரைச் சொல்லலாமா, பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் அழித்துவிடலாமா என்ற மூன்றையும் பேச்சுத் தமிழில் கேட்டு, பதிலையும் பதிவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். கைரேகை வைக்கச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட தலைமுறையிடம் சம்மதப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொல்வது கொடுமை, குரலே போதும். பெண்கள் தனியே பேச விரும்பினால் மாணவிகளையும் ஆசிரியையையும் மட்டும் அனுப்புங்கள். அவர் மௌனமானால் அடுத்த கேள்வியைத் தேட வேண்டாம். காப்பியைக் குடித்துவிட்டு வேறு பேசலாம். பதிவின் ஒரு படி அந்தக் குடும்பத்திடம் முதலில் போய்ச் சேர வேண்டும்; பள்ளியில் வைப்பது அவர்கள் சொன்ன பிறகு.

கனடாவில் இருக்கும் உறவினர்

கடைசி வகுப்பு அவர்களோடு தொலைபேசியில் நடக்கலாம். செப்டம்பரில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அழைத்தால் அங்கே காலை ஒன்பதரை. "சித்தி, செப்டம்பர் 30க்குத் தம்பியின் பள்ளியில் என்ன செய்கிறார்கள்?" என்பது போன்ற எளிய கேள்வியில் தொடங்கச் சொல்லுங்கள். அகதியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இந்த அநீதிக்குக் காரணமானவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் வீடு வாங்கிய நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. டொராண்டோ நகரின் பெரும்பகுதி, பூர்வகுடிகளுடன் செய்துகொண்ட 1805ஆம் ஆண்டின் 13ஆம் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது; ஸ்கார்பரோவின் வரலாற்றில் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்கும் இடமுண்டு. 94 செயல் அழைப்புகளில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுவோரைப் பற்றியவையே: 93ஆவது குடியுரிமைத் தேர்விலும் கையேட்டிலும் பூர்வகுடிகளின் வரலாற்றைச் சேர்க்கச் சொல்கிறது, 94ஆவது குடியுரிமை உறுதிமொழியில் அவர்களுடனான ஒப்பந்தங்களை மதிப்பதைச் சேர்க்கச் சொன்னது, 2021இல் உறுதிமொழி பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைகளைக் குறிப்பிடும்படி மாற்றப்பட்டது. அதன்பின் குடியுரிமை பெற்ற மாமாவோ அக்காவோ இருந்தால் அந்த வாசகத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டச் சொல்லி, மாணவர்கள் அதைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம்.

பிராண்ட்ஃபோர்டு டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். 1970இல் மூடப்பட்ட மோஹாக் இன்ஸ்டிடியூட்டின் கட்டடத்தை அங்குள்ள உட்லேண்ட் பண்பாட்டு மையம் காத்துவருகிறது. நயாகரா பார்க்கப் போகும் உறவினர் ஒரு நாளை இதற்கும் ஒதுக்கிச் சென்று பார்த்து, தாம் கண்டதைக் குரல்பதிவாக அனுப்பினால் அடுத்த ஆண்டு வகுப்பை அந்தப் பதிவோடு தொடங்கலாம். அனுப்பியவரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளும் முறை முதியவர்களிடம் கேட்டதேதான்.